வத்தல் கொட்டகையில் அக்கா சந்தோஷமாக இருந்தார்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், பங்குனி வெயிலையும் பஸ் நெரிசலையும் பாராமல் வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு பழகிய எல்லோருக்கும், உடன்பிறந்த தம்பியின் வணக்கம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அச்சகத்துக்காரர் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். நான் நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போதும் ஒரு பத்தி எழுதுவதும், எழுந்து வாசல் வரை போய்விட்டு வருவதுமாகத்தான் இருக்கிறேன்.

மல்லாங்கிணறு சித்தப்பா போன மாதம் வந்திருந்தபோது, "அக்கா கடைசி வரைக்கும் சிரிச்ச முகமா இருந்தாளே, அது எப்படின்னு எழுதுப்பா. நம்ம பிள்ளைக இந்த வயசுலயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுதுக. படிச்சாவது புத்தி வரட்டும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அக்கா எதனால் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதப் போனால், அந்தச் சந்தோஷத்தை எட்டு மாதம் நான் பறித்து வைத்திருந்ததையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், ஒரு தப்பும் செய்யாத ஒருவர் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். நான்கு முறை கிழித்ததற்குக் காரணம் இதுதான்.

திருச்சுழிக்குத் தெற்கே, மழை பெய்தால் வண்டிச் சக்கரம் புதைந்துவிடும் கரிசல் ஊர் ஒன்றில் அக்கா பிறந்தார்கள். அப்பா அங்கே சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். பதினாறு வயதில் நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷமே அத்தான் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடு மாட்டுவண்டியில் அக்கா திரும்பி வந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா இறங்கியதும் முதலில் சொன்னது, "காளைக்குத் தண்ணி காட்டுங்கம்மா. ரொம்பத் தூரம் வந்துருக்கு."

பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்து, அப்பா அருப்புக்கோட்டைக்கு வந்து மிளகாய் வத்தல் கடை போட்டபோது, வீடு முழுவதும் அக்கா கையில்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தது அக்காவால். எனக்குக் கல்யாணம் பேசி முடித்தது அக்கா. அரிசி கண்ணில் படாத பஞ்ச வருஷங்களில், ரேஷன் கடையில் கொடுத்த மைலோ சோளத்தை இடித்து, சலித்து, களியாகவும் தோசையாகவும் எங்களைச் சாப்பிட வைத்தார்கள். கடை என் கைக்கு வந்த பிறகும், காலை ஒன்பது மணிக்கு அக்கா போய் உட்காரும் இடம் மாறவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. அங்கேதான் நரிக்குடி, திருச்சுழிப் பக்கமிருந்து வரும் வத்தல் மூட்டைகளைத் தரையில் கொட்டி, காம்பு கிள்ளி, சிவப்பு வேறு வெளுத்தது வேறாகப் பிரிப்பார்கள். வத்தல் இல்லாத மாதங்களில் மல்லி சலிப்பார்கள். எட்டுப் பெண்கள் வேலைக்கு வருவார்கள். அக்காவோடு ஒன்பது பேர்.

மிளகாய் நெடிக்கு எல்லோரும் மூக்கில் துண்டு கட்டியிருப்பார்கள். கட்டினாலும் தும்மல் வரும். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் யார் தும்முகிறாரோ, அவர் முந்தின நாள் தன் வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சண்டையானாலும் சரி, சாம்பார் தீய்ந்ததானாலும் சரி. இதை ஆரம்பித்து வைத்தது அக்காவா வேறு யாராவதா என்று தெரியாது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

பேச்சியம்மாள் புதிதாக வேலைக்கு வந்த சமயம். அவருடைய சின்ன மகன் அம்மையில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருவார், உட்காருவார், கிள்ளுவார், போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் கணக்குப்பிள்ளையோடு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா சொன்னார்கள்:

"ஏ பேச்சி, இன்னைக்கு நீதான் மொதத் தும்மல்."

"நான் தும்மலையேக்கா."

"தும்முனடி. வேணும்னா இந்த மூக்கம்மாவக் கேளு."

மூக்கம்மாள் தலை நிமிராமலே, "ஆமா, காதுல விழுந்துச்சு. எங்காது பொய்யா சொல்லும்" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். மத்தியானம் வரை சொன்னார். யாரும் குறுக்கே ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருக்கு முன்னால் கிடந்த வத்தல் குவியலைத் தன் பக்கம் இழுத்துப்போட்டுக் கிள்ளினார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தப் பேச்சியம்மாள்தான் என்னைப் பார்த்து, "மொதலாளி வாராக, மூஞ்சியப் பாருங்க, வத்தல் வெல எறங்கிருச்சு போல" என்று கொட்டகை முழுவதையும் சிரிக்க வைத்தார்.

சித்தப்பா கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். அக்கா எந்தப் புத்தகமும் படித்துச் சந்தோஷமாக இருக்கவில்லை. விடிந்ததும் கண்மாய்க்கரை வரை நடப்பார்கள். தண்ணீர் இருந்தாலும் நடை, கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் நடை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக் குழம்பு கொட்டகைக்குப் போகும், அங்கிருந்து கம்மங்கூழ் அக்கா வாய்க்கு வரும். சாப்பிட்டதும் காலிச் சாக்கில் தலை வைத்துக் கால் மணி நேரத் தூக்கம். யாரையாவது கோபித்துப் பேசிவிட்டால், வேலை விடுவதற்குள் தானே போய், "இந்தத் துண்ட நல்லா இறுக்கிக் கட்டிவிடுடி" என்று அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அதோடு கோபம் முடிந்தது. சாயங்காலம் பெண்களோடு பஸ் நிற்கும் இடம் வரை போய், அவர்கள் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். வத்தல் நனைந்துவிடுமோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று எப்போதும் ஏதாவது ஒன்று. ஒருநாள் அக்காவிடம், "ஒங்களுக்குக் கவலையே இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கவல இல்லாம இருக்குமாலே? கைக்குச் சோலி இருந்தா அது பாட்டுக்கு ஒரு ஓரத்துல ஒக்காந்துருக்கு. கை சும்மா இருந்தாத்தான் மடியில ஏறி ஒக்காருது" என்றார்கள்.

இதைக் கேட்ட பிறகும் நான் அப்படிச் செய்தேன். இனி அதைச் சொல்கிறேன்.

என் மகள் கனகத்துக்குப் பதினெட்டு வயது ஆனபோது, விருதுநகரில் வசதியான இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளையின் மாமா சொல்லாமல் வந்துவிட்டார். கடை முன்பக்கம் அடைத்திருந்ததால் கொட்டகை வழியாக நுழைந்தார். அங்கே துண்டு கட்டிய ஒன்பது பேரில் ஒருவரைப் பார்த்து, "ஏம்மா, மொதலாளி இருக்காரா?" என்றார்.

அவர் கேட்டது அக்காவிடம்.

"சாப்புட்டுக் கண்ணசந்துருக்காரு. எழுப்புனா வள்ளுன்னு விழுவாரு. பரவாயில்லன்னா எழுப்புறேன்" என்றார்கள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் வந்து, இவுகதான் என் அக்கா என்று சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. கூடப் பொறந்தவுகளக் கூலியாளுகளோட ஒக்கார வச்சிருக்கீக. எங்க வீட்டுப் பொம்பளைக கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அந்த வாரம் அக்காவுக்கு இருமல். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதுகில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா வெளியே கம்பவுண்டரிடம் மருந்து வாங்கப் போயிருந்தபோது என்னிடம் சொன்னது இதுதான்: "பயப்பட ஒண்ணுமில்ல. துண்ட நனைச்சுக் கட்டிக்கிடச் சொல்லுங்க. எப்பவும் போல நடமாட்டமா இருக்கட்டும். அதுதான் நல்லது."

குதிரை வண்டியில் திரும்பும்போது அக்கா கேட்டார்கள், "என்னலே சொன்னாரு?"

"வத்தல் நெடி ஒங்களுக்கு ஆகாதாம்க்கா. இனிமே கொட்டகைப் பக்கமே போகக் கூடாதாம்."

அக்கா குதிரையின் முதுகைப் பார்த்தபடியே கேட்டார்கள், "அப்படியா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"சரி" என்றார்கள்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன். என் வீட்டில் யாருக்கும், என் மனைவிக்குக்கூட, இதை எழுதும் இந்த நேரம் வரை இது தெரியாது.

கடைக்கு மேலே எங்கள் வீட்டு மாடி அறையை வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, சாய்வு நாற்காலியும் ரேடியோவும் வாங்கி வைத்தேன். "இத்தன வருஷம் ஒழைச்சது போதும்க்கா, நிம்மதியா இருங்க" என்றேன். பார்க்க வந்த சொந்தங்கள், அக்காவை ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் எனக்கே நான் செய்தது நல்ல காரியம்தான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இரண்டு மாதத்தில் அக்காவின் சாப்பாடு பாதியானது. கண்மாய்க்கரை நடை நின்றது. கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் நகர்த்திப் போடச் சொன்னார்கள். அங்கிருந்து கொட்டகைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் அக்காவைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைத்தேன். பந்தல்குடி ரோட்டில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வத்தல் பிரிக்கும் வேலையை அங்கே மாற்றிவிட்டேன். அப்படி ஒரு புத்தி எனக்குத்தான் வரும். அதற்குப் பிறகு அக்கா எதையும் கேட்கவில்லை.

"அப்பா, அத்தை ரேடியோவ அணைக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. அது பாட்டுக்குப் பாடிக்கிட்டுக் கெடக்கு" என்று கனகம் ஒருநாள் வந்து சொன்னாள். என் மனைவி, "மதினி எங்கூடப் பேசியே நாலு நாளாச்சு" என்றாள். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். அக்கா எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்தார்கள். நான் ஹார்லிக்ஸ் புட்டிகளாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். என்ன வியாதி என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று மாடிப்படியில் பாதி வரை ஏறி இறங்கிய நாட்கள் உண்டு. இதற்கிடையில் விருதுநகர்க்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் மாதம் ஒருநாள் மத்தியானம். கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது மாடியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு அக்கா சிரிக்கும் சத்தம். ஓடினேன். தரையில் அக்காவும் பேச்சியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறம் நிறைய வத்தல். பேச்சியம்மாள் அதைச் சேலைத் தலைப்பால் மூடி மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன காரியம் பண்ற நீ? டாக்டர் என்ன சொல்லிருக்காரு தெரியுமா?" என்று அவரைப் பார்த்துத்தான் கத்தினேன். அதே பொய்யை அன்றைக்கு இன்னொரு தடவை சொன்னேன்.

அக்கா காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. "ஏலே, நீ வெளிய நில்லு. இந்த நெடி ஒனக்கு ஒத்துக்கிடாது" என்றார்கள்.

மறுநாள் காலை அக்கா தாமே கிளம்பி, பந்தல்குடி ரோட்டுக் கிட்டங்கிக்கு நடந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரமே வேலையைப் பழையபடி கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஒரு மாதத்தில் அக்காவுக்கு முகம் தெளிந்தது. சாப்பாடு பழைய அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் சிரித்ததைத்தான் சித்தப்பா நினைவு வைத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றே ஒரு காலை கொட்டகைக்குப் போய் மூட்டை மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தும்மல் வந்துவிட்டது. அன்றைக்கு அதுதான் முதல் தும்மல். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கம்மாள்தான், "மொதலாளியா இருந்தாலும் சொல்லித்தான ஆகணும்?" என்றார். நான் மூட்டைச் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்கள். "விடுங்கடி, அவனுக்கு ஆயிரம் சோலி கெடக்கு" என்றார்கள். நான் எழுந்து கடைக்குள் போய்விட்டேன். அக்கா எனக்குக் கொடுத்த அந்த வழியை நான் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

போன பங்குனியில், கண்மாய்க்கரைக்கு நடந்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்த அக்கா, மாரை இறுக்குகிறது என்றார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஓடி வந்த டாக்டர், இது இருதயம், சளியோ நெடியோ காரணமில்லை என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். ஆனால் வீட்டில் கூடியிருந்தவர்களுக்குத் தெரிந்தது என் பொய் மட்டும்தான். துக்கத்துக்கு வந்து வாசலோரம் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்து எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "டாக்டரு வேணாம்னு தலையில அடிச்சுச் சொன்னாரே, கேட்டியா நீ? மொறத்துல அள்ளிக் கொண்டாந்து குடுத்தே கொன்னுட்டியே" என்று சொன்னார்கள். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். நான் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. அந்தப் பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித் தெரிய வைத்தவன் நான்.

ஆகவே சொந்தங்கள் எல்லோரும் அறிய எழுதுகிறேன். வத்தல் பிரிக்கக் கூடாது என்று எந்த டாக்டரும் அக்காவிடம் சொல்லவில்லை. பேச்சியம்மாள் அக்காவுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. எட்டு மாதம் வாடிக் கிடந்த அக்காவை எழுப்பி உட்கார வைத்தவர் அவர்தான். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது நிம்மதி கொடுக்க நினைத்தால், அவர்கள் தினமும் எங்கே போகிறார்கள், யாரோடு சிரிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு அதைத் தொடாமல் விடுங்கள்.

அக்காவுக்குக் கடைசி வரை வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அவர் சொல்லாததை அவர் பெயரில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பதோடு சேர்த்து, என் நன்றி. எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் மாடிப்படி ஏறி இறங்கிய என் மனைவிக்கும், கனகத்துக்கும், துக்கத்தன்று எல்லாக் காரியங்களையும் தோளில் போட்டுக்கொண்ட தெருக்காரர்களுக்கும், கொட்டகைப் பெண்கள் அனைவருக்கும் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், கனகத்தின் கையில் கொடுத்து அவர் ஊருக்கு அனுப்பினேன். வீட்டில் முதன்முதலாக இதைப் படித்தவள் கனகம்தான். படித்துவிட்டுத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அங்கே முழுவதையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பேச்சியம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னதை அவள் சொன்னபடியே இங்கே சேர்க்கிறேன்:

"எல்லாஞ் சரியாத்தான் எழுதிருக்காக தாயி. ஒண்ணுதான் மாத்தணும். நானா மாடி ஏறல. ஒங்க வீட்டுக்கு வர்ற பூக்காரிகிட்ட அக்காதான் சொல்லி விட்டாக. 'டாக்டரு சொன்னாரோ, எந்தம்பி சொன்னானோ, அது கெடக்கட்டும், பேச்சிய ஒரு மொறம் வத்தலு கொண்டாரச் சொல்லு'ன்னாக."

"அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிருக்கலாமே?" என்று கனகம் கேட்டிருக்கிறாள்.

"அக்கா யாருட்டயும் சொல்லாதன்னாக. சொல்லல."

பேச்சியம்மாள் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பந்தியில் அவருக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு பக்கம் நான் உட்காருவேன். மறுபக்கத்து இலை காலியாக இருக்கும். உங்களில் யாராவது ஒருவர் வந்து அதில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.